நம்மாளு பெட்டி

சாயங்காலச் செய்தி நேரத்தில் தேரிப்புதூர்த் தெருவில் ஒரு தடவை நடந்து பார்த்தவர்களுக்கு அந்த நடை லேசில் மறக்காது. ஊருக்கு மேற்கே செம்மணல் தேரி. காற்றடித்தால் எழுந்து இடம் மாறி உட்காரும் மணல் அது. நேற்று மேடாகத் தெரிந்த இடம் இன்றைக்குப் பள்ளமாகக் கிடக்கும். வெயில் இறங்குகிற நேரத்தில் அந்த மணல் தன் சிவப்பில் கொஞ்சத்தை வானத்துக்குக் கொடுத்துவிட்டு, வானத்திடமிருந்து கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். அந்த வெளிச்சத்தில் வாசல்களெல்லாம் கனவில் பார்த்த வாசல்கள் மாதிரி நிற்கும். அப்போதுதான் வீட்டுக்கு வீடு செய்தி தொடங்கும்.

ஒரே செய்தி. ஒரே வாக்கியம். குரல் மட்டும் வீட்டுக்கு வீடு வேறு.

"பேரூராட்சிக் கூட்டத்தில் இன்று" என்று முதல் வீட்டில் ஒரு முதியவரின் கரகரத்த குரல் ஆரம்பிக்கும். அடுத்த வீட்டில் அதையே ஒரு இளம்பெண் சொல்லிக்கொண்டிருப்பாள். அதற்கும் அடுத்த வீட்டில், சாக்கடை தூர்வாருவதைப் பற்றி, மழலை மாறாத ஒரு பிள்ளைக் குரல் கணீரென்று சொல்லும். இந்தக் குரல்களுக்கு உரியவர்கள் பாதிப் பேர் ஊரிலேயே கிடையாது. சிலர் வளைகுடா நாட்டில் இருந்தார்கள். சிலர் கப்பலில். சிலர் கல்லறைத் தோட்டத்தில்.

அந்த வாக்கியத்தை எழுதி, ஒலிவாங்கி முன்னால் உட்கார்ந்து படித்துப் பதிவு செய்துவிட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அதே தெரு வழியாக வீட்டுக்கு நடந்து போவாள் அமலோற்பவம். பொது வானொலியின் தேரிப்புதூர் நிருபர் அவள்தான். ஊர்ச் செய்தி, கவுன்சில் செய்தி, தேர்தல் செய்தி எல்லாம் அவள் பொறுப்பு. காது கொடுத்துக்கொண்டே நடப்பாள். ஒரு வீட்டில்கூட அவள் குரல் கேட்காது. அது எப்படிக் கேட்கும்? எல்லார் வீட்டிலும் நம்மாளு பெட்டிதானே இருந்தது.

அந்தப் பெட்டி வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன், பிள்ளைகளே. அதற்கு முந்தின வருஷங்களில், யார் குரலையும் யாரும் செய்துவிடலாம் என்று ஆகிப்போயிருந்தது. பேசாத தலைவர் பேசினார். போடாத சட்டம் போட்டதாகச் செய்தி வந்தது. கடைசியில் ஜனங்கள் எதையுமே நம்புவதில்லை என்று காதைப் பொத்திக்கொண்டார்கள். புயல் எச்சரிக்கையைக்கூட நம்பாமல் கடலுக்குப் போனார்கள். அப்புறம்தான் பொது வானொலி இந்தப் பெட்டியைக் கொண்டுவந்தது. வானொலியின் செய்தியைத் தவிர வேறு எதுவும் அதற்குள் நுழைய முடியாது. அந்தச் செய்தியை நமக்கு நெருங்கினவர் ஒருவர் குரலில் அது சொல்லும்.

பெட்டி கொடுத்த அன்றைக்குப் பேரூராட்சி மண்டபத்தில் நல்ல கூட்டம். நிலையத்தின் இன்ஜினியர் மீரான் பாய் மேடையில் நின்று விளக்கினார்.

"பெட்டி எப்படிப் பாய் ஆளைக் கண்டுபிடிக்கும்?" என்று முதலில் கேட்டவள் சுனைத் தெருச் சொர்ணம்.

"நீங்க பக்கத்துல இருந்தாப் போதும்க்கா. உங்க மூச்சு அதுக்குக் கேக்கும். வீட்டுல யாரு பேசும்போது, போன்ல யாரு பேசும்போது உங்க மூச்சு அடங்கி நிதானமா வருதோ, அவிய குரலை எடுத்துக்கிடும்."

"நாமளாச் சொல்ல முடியாதாக்கும்?"

"முடியாது. சொல்லச் சொன்னா வீட்டுக்காரி முன்னால எல்லாரும் வீட்டுக்காரி பேரைத்தான் சொல்லுவோம்."

ஜனங்கள் சிரித்தார்கள். சொர்ணம் சிரிக்கவில்லை. "செத்துப் போனவியன்னா?" என்றாள்.

மீரான் பாய் குரலை இறக்கினார். "பழைய போன்ல அவிய பேச்சு கொஞ்சம் கிடந்தாப் போதும்க்கா."

"எனக்கு மாமியார் குரல் வந்துட்டா என்ன வே செய்ய?" என்று பின்னாலிருந்து மளிகைக்கடை ஜெபமணி கத்தினார். மறுபடியும் சிரிப்பு. நம்புவீர்களோ மாட்டீர்களோ, ஜெபமணிக்கு நிஜமாகவே மாமியார் குரல்தான் வந்தது. மனிதர் வெளியே தலைகாட்ட முடியவில்லை. அவர் பெண்டாட்டிக்கோ பெருமை தாங்கவில்லை.

"ஒண்ணு ஞாபகம் வச்சுக்கிடுங்க" என்றார் மீரான் பாய். "மனசு மாறினா பெட்டியும் மாறிக்கிடும். சொல்லாம கொள்ளாம மாறும். அப்புறம் ரிப்பேர்னு தூக்கிக்கிட்டு வராதிய."

சொர்ணத்துக்கு அவள் வீட்டுக்காரர் குரல் வந்தது. தோணி கவிழ்ந்து போனவர். முதல் நாள் அவர் குரலில் உப்பளத் தொழிலாளர் போராட்டச் செய்தி வந்தபோது, அவள் அடுப்பை அணைத்துவிட்டுப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து, கடைசி வரைக்கும் கேட்டு, "சரி" என்று பதில் சொன்னாளாம்.

ஊர் செய்தியை நம்ப ஆரம்பித்தது. புயல் என்றால் கடலுக்குப் போகவில்லை. தடுப்பூசி என்றால் வரிசையில் நின்றார்கள். அமலோற்பவத்துக்கு அதில் சந்தோஷம்தான். சின்ன வயசில் நல்ல குரல் என்று எல்லாரும் சொல்லித்தான் அவள் வானொலிக்கே வந்தாள் என்பதை மட்டும் அவள் யாரிடமும் சொல்லிக்கொள்வதில்லை.

தேரிக்குள்ளே ஒரு சுனை இருக்கிறது. சுற்றிச் சிவந்த மணல். நடுவில் நாவல் மரங்கள். மரங்களின் அடியில், எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல், குளிர்ந்த தண்ணீர். ஊரில் எந்தக் கிணறு உப்பானாலும் அந்தச் சுனை உப்பானதில்லை. ஆறாம் வார்டு முழுக்க அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறது. அதைக் குத்தகைக்கு எடுத்துத் தண்ணீரைப் பாட்டிலில் அடைக்க ஒரு தனியார் கம்பெனி வந்தது. கவுன்சிலில் தீர்மானம் வந்தது. முதலில் கொள்கை அளவில் ஒரு ஓட்டு. அடுத்த கூட்டத்தில் இறுதி ஓட்டு.

தேரிப்புதூர் கவுன்சிலில் ஒரு வழக்கம் உண்டு. ஓட்டுக்குக் கை தூக்க மாட்டார்கள். வானொலிக்குக் கை தெரியாதே! அதனால் தலைவர் வார்டு வார்டாகக் கூப்பிட, ஒவ்வொருவரும் "சம்மதம்" என்றோ "மாட்டேன்" என்றோ வாயால் சொல்வார்கள். அமலோற்பவம் மேசை நடுவில் பதிவுக் கருவியை வைத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள். கண் திறந்திருந்தால் காது சோம்பேறியாகிவிடும் என்பது அவள் எண்ணம்.

அன்றைக்குத் தலைவர் சுனைத் தீர்மானத்தைப் படித்து முடித்தார். ஐந்து வார்டும் பதில் சொல்லியாயிற்று. ஆறாம் வார்டு என்று கூப்பிடும்போது கரண்டு போனது. கொல்லைப்புறத்து ஜெனரேட்டர் யானை மாதிரி பிளிறிக்கொண்டு கிளம்பியது. ஒலி கெட்டுப்போகிறதே என்ற பதைப்பில் அமலோற்பவம் கருவியை மேசையிலேயே விட்டுவிட்டு, அதை நிறுத்தச் சொல்லக் கொல்லைக்கு ஓடினாள். வாட்ச்மேனைத் தேடிப் பிடித்து, அவரோடு மல்லுக்கட்டி, கரண்டு வந்து சத்தம் நின்ற பிறகு திரும்பினாள். கூட்டம் முடிந்து டீ கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

நிலையத்துக்கு வந்து, செய்திக்கு நேரமாகிவிட்ட அவசரத்தில், பதிவிலிருந்து அந்த இரைச்சலை அப்படியே வெட்டி எடுத்துவிட்டு இரண்டு முனையையும் ஒட்டினாள். வானொலிக்காரர்களுக்கு இரைச்சல் என்றால் சோற்றில் கல் மாதிரி. ஒட்டினதைப் போட்டுக் கேட்டாள். சுனையைக் குத்தகைக்கு விடும் தீர்மானம். ஆறாம் வார்டு. "சம்மதம்." குரல் பால்வண்ணத்தின் குரல்தான். சந்தேகமே இல்லை.

கொஞ்சம் ஆச்சரியப்பட்டாள். பிறகு எழுதினாள்: "சுனையை நம்பியிருக்கும் ஆறாம் வார்டின் உறுப்பினர் பால்வண்ணமும் தீர்மானத்துக்குச் சம்மதம் தெரிவித்தார்."

பால்வண்ணம் பஸ் நிலையத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். மனைவி இறந்துபோயிருந்தாள், பிள்ளைகள் கிடையாது. சாதி பார்க்காமல், நேரம் பார்க்காமல் எல்லார் மனுவையும் எழுதிக் கொடுப்பார். அந்தச் செய்தி வந்த மறுநாள் அவர் கடைக்கு யாரும் போகவில்லை. அதற்கு மறுநாளும் போகவில்லை. நகல் எடுக்க வேண்டியவர்கள் பஸ் ஏறிப் பக்கத்து ஊருக்குப் போனார்கள். டீக்கடையில் அவர் வந்து உட்கார்ந்ததும் பெஞ்சு காலியானது. யாரும் திட்டவில்லை. திட்டினால்கூடத் தேவலை.

"அவராவது மறுத்துப் பேசுதாரா பாருங்க" என்றாள் சொர்ணம் தெருக்குழாயடியில். "தப்பு இல்லைன்னா ஒரு மனுசன் வாயைத் திறக்க மாட்டானா? தலையைக் குனிஞ்சுக்கிட்டுப் போறார்."

அது நிஜம். பால்வண்ணம் ஒரு வார்த்தை பேசவில்லை. கவுன்சிலில் சம்மதம் சொன்ன மற்றவர்களும் பேசவில்லை. பழியைச் சுமக்க ஒரு தோள் கிடைத்தால் யாருக்குத்தான் கசக்கும்? அலுவலகக் குறிப்பிலோ, பெரும்பான்மையாக நிறைவேறியது என்று ஒரே வரி. ஆறாம் வார்டு ஜனங்கள் பகுதி சபையைக் கூட்டி அவரை ராஜினாமா செய்யச் சொல்வதாக முடிவானது.

அந்த வாரத்தில் அமலோற்பவம் மின்வெட்டைப் பற்றி ஒரு செய்தி செய்தாள். அதற்கு ஜெனரேட்டர் சத்தம் வேண்டியிருந்தது. பெட்டி பேச்சுக் குரலைத்தான் மாற்றும். மற்றச் சத்தங்களைத் தொடாது. அன்றைக்கு வெட்டிப் போட்டோமே, நல்ல சத்தமாயிற்றே என்று மூலப் பதிவைத் திறந்தாள். காதில் மாட்டிக்கொண்டு கண்ணை மூடினாள்.

யானை பிளிறியது. அந்தப் பிளிறலுக்கு அடியில், ஆழத்தில், கிணற்றுக்குள்ளிருந்து கூப்பிடுகிற மாதிரி ஒரு மனிதக் குரல் இருந்தது. "மாட்டேன். எங்க ஜனம் என்னத்தைக் குடிக்கும்? மாட்டேன்யா!" பிறகு மற்றவர்களின் பதில்கள். பிறகு தலைவர் அடுத்த தீர்மானத்தைப் படிக்கிறார், சுனைத் தெருவுக்கு விளக்குக் கம்பம். இரைச்சல் நிற்கிறது. மறுபடியும் ஆறாம் வார்டு. "சம்மதம்."

விளக்குக் கம்பத்துக்குச் சொன்ன சம்மதத்தைச் சுனைக்கு ஒட்டிவிட்டிருந்தாள். அவள் காதிலிருந்ததைக் கழற்றவே இல்லை. கொஞ்ச நேரம் தன் இதயச் சத்தமே ஜெனரேட்டர் சத்தம் மாதிரி அவளுக்குக் கேட்டது.

அன்று சாயங்காலமே திருத்தம் போனது. தவறு எந்த இடத்தில் வந்ததோ அந்த இடத்திலேயே, முதல் செய்தியாக, ஒளிவு மறைவு இல்லாமல்: "உறுப்பினர் பால்வண்ணம் தீர்மானத்தை எதிர்த்தார். அவர் சம்மதித்ததாக நாம் சொன்னது தவறு. அது செய்தியாளரின் தவறு. வருந்துகிறோம்."

படித்துவிட்டு வீட்டுக்கு நடந்தாள். தெருவெங்கும் நூறு குரலில் அவளுடைய வருத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. தாயும், மகனும், செத்துப்போன அண்ணனும், கப்பலில் இருக்கிற மருமகனும், "தவறு, தவறு" என்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். செம்மணல் காற்றோடு வந்து அவள் கண்ணில் விழுந்தது. இனி எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தாள்.

மறுநாள் காலையில் நிலையத்துக்கு வந்தபோது வாசலில் வரிசை நின்றது. எல்லார் கையிலும் பெட்டி. சிலர் துண்டில் சுற்றி, காய்ச்சல் பிள்ளையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்த மாதிரி மார்போடு அணைத்திருந்தார்கள்.

"என்ன பாய் இது?" என்றாள் அமலோற்பவம்.

"எல்லாருக்கும் ஒரே ரிப்பேர்" என்றார் மீரான் பாய். அவர் முகத்தில் சிரிப்பும் இல்லை, அழுகையும் இல்லை. "நீயே கேளு."

சொர்ணம்தான் முதலில் நின்றாள். "பெட்டி கெட்டுப் போச்சு பாய். எங்க வீட்டுக்காரரு உசிரோட இருந்த வரைக்கும் ஒரு பொய் சொன்னதில்ல. நேத்து வந்து, நான் சொன்னது தப்புங்காரு. அவரு அப்படிச் சொல்லுத ஆளே கிடையாது. எவனோ உள்ள பூந்துட்டான்."

"எங்க அம்மாவா மன்னிப்புக் கேட்டா?" என்றார் ஜெபமணி, மாமியாரை அம்மா என்று சொல்கிறவர். "வாழ்க்கையில ஒரு தடவை கேட்டிருப்பாளா? பெட்டி சுத்தமாப் போச்சு வே!"

அமலோற்பவம் முன்னால் வந்தாள். "அக்கா, பெட்டி நல்லா இருக்கு. தப்புச் செஞ்சது நான். அந்தச் செய்தியை எழுதினது நான்தான்."

சொர்ணம் அவளை மேலும் கீழும் பார்த்தாள். "நீ யாரும்மா?"

"ரேடியோ நிருபர்க்கா. நான்தான் செய்தி சொல்லுதேன்."

"நீயா?" சொர்ணத்தின் குரலில் கோபம்கூட இல்லை, பரிதாபம்தான் இருந்தது. "செய்தி சொல்லுதது எங்க வீட்டுக்காரரு. போய் உன் வேலையைப் பாரும்மா."

கூட்டம் கலைந்த பிறகு அவள் மீரான் பாயின் அறைக்குள் போய் உட்கார்ந்தாள்.

"ஒரே ஒரு செய்திக்கு மட்டும் குரல் மாத்துததை நிறுத்துங்க பாய். என் குரல்லயே போகட்டும்."

"என் கையில இல்ல அமலி. மாத்துதது இங்கன நடக்கல. ஒவ்வொருத்தர் பெட்டிக்குள்ள நடக்கு. கேக்கவியதான் நிறுத்தணும். கேக்கவிய நிறுத்துவாவளா? புருசன் குரலை நிறுத்துன்னு சொர்ணத்துக்கிட்ட நீ போய்ச் சொல்லுவியா?"

"நம்பணும்னுதானே பாய் இந்தப் பெட்டியே செஞ்சோம்?"

"நம்பத்தான் செய்தாவ." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நம்ம செய்தியை நம்புதாவன்னு நினைச்சோம். அவிய நம்புதது அவிய ஆளை. அந்த ஆளு தப்புப் பண்ண மாட்டாரு. அதனால நாமளும் இனிமே தப்புப் பண்ண முடியாது. பண்ணினாலும் திருத்த முடியாது. நான் ஒரு மூச்சை அளந்தேன் அமலி. இதை அளக்க விட்டுட்டேன்."

பகுதி சபை ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில், சுனைக்கரையில் நாவல் மரத்தடியில் கூடியது. அதற்கு முன்னால் அமலோற்பவம் பால்வண்ணத்தைப் போய்ப் பார்த்திருக்கலாம். கடை வரைக்கும் போனாள். அவர் காலி நாற்காலிகளுக்கு நடுவில் தலை குனிந்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டாள். எல்லார் முன்னாலும் சொல்லிவிடுவதுதான் முறை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

மரநிழல் சிவந்த மணலில் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. தண்ணீர் அசையாமல் கிடந்தது. ஜனங்கள் மணலில் உட்கார்ந்திருக்க, பால்வண்ணம் ஓரமாக நின்றார். அவர் சட்டைப்பையில் மடித்த காகிதம் வெள்ளையாகத் தெரிந்தது.

"நாங்க சண்டைக்கு வரல மெம்பரே" என்றாள் சொர்ணம். "ஓட்டுப் போட்டோம். தண்ணியை வித்துட்டீரு. பதவியை விட்டுட்டுப் போயிரும்."

பால்வண்ணம் பையில் கையை விட்டார்.

"ஒரு நிமிசம்" என்று எழுந்தாள் அமலோற்பவம். "அண்ணாச்சி சம்மதிக்கல. அவரு மாட்டேன்னுதான் சொன்னாரு. நான்தான் ரேடியோவுல தப்பாச் சொல்லிட்டேன்."

"மறுபடியும் இந்தப் பிள்ளையா!" என்று யாரோ சலித்துக்கொண்டார்கள்.

பால்வண்ணத்தின் கை பையிலேயே நின்றுவிட்டது. அவர் மெதுவாகத் திரும்பினார். தூக்கத்தில் தெரிந்த முகத்தைப் பகலில் பார்த்தவர் மாதிரி அவளைப் பார்த்தார்.

"மேடம்" என்றார். "நீங்க இதை அன்னைக்கே பெட்டியில சொன்னிய. எனக்குப் புரியல. முதல்ல சம்மதம்னு சொன்னதும் நீங்கதானே?"

"எந்த மேடம் வே?" என்றார் ஜெபமணி.

"ரேடியோ மேடம். இவியதான் எனக்குச் செய்தி சொல்லுதாவ."

ஒரு கணம் யாருக்கும் விளங்கவில்லை. அமலோற்பவத்துக்குத்தான் முதலில் விளங்கியது. அவள் காலுக்கடியில் மணல் நகர்ந்த மாதிரி இருந்தது.

"உங்க பெட்டியில... என் குரலா?"

"ஆமா மேடம்." அவர் வெட்கப்பட்டார். "வீட்டுல அவ போன பிறகு எனக்கு யாரு இருக்கா? பெட்டி வாரதுக்கு முந்தியே போன்ல உங்களைத்தான் கேக்கேன். கவுன்சில்ல நாங்க பத்துப் பேரு கத்துவோம். எவன் என்ன சொன்னான்னு எவனுக்கும் தெரியாது. சாயந்தரம் நீங்க நிதானமா எடுத்துச் சொல்லும்போதுதான், ஓ, நான் இதைத்தான் பேசினேனான்னு எனக்கே தெளியும்."

"அப்ப அந்தச் செய்தியைக் கேட்டப்போ ஏன் அண்ணாச்சி மறுக்கல? என்கிட்ட வந்து சண்டை போட்டிருக்கலாம்லா?"

பால்வண்ணம் தண்ணீரைப் பார்த்தார். "எனக்கு மாட்டேன்னு கத்தினதாத்தான் ஞாபகம். ஆனா நீங்க சம்மதம்னு சொல்லிட்டிய. ரெண்டு நாள் யோசிச்சேன். நீங்க தப்பாச் சொல்ல மாட்டியளே. அப்ப நான்தான், மனசுக்குள்ள மாட்டேன்னு நினைச்சுக்கிட்டு, வாயால வேற சொல்லிட்டேன் போலன்னு முடிவு பண்ணிட்டேன். அப்படிப்பட்டவன் எதுக்குப் பதவியில இருக்கணும்? அதான் எழுதிக்கிட்டு வந்தேன்."

தெருத்தெருவாக நடந்து, எந்த வீட்டிலாவது தன் குரல் கேட்காதா என்று இத்தனை காலம் ஏங்கியவள் அமலோற்பவம். கேட்ட வீடு ஒன்று இருந்திருக்கிறது. அந்த வீட்டில்தான் அது இந்த வேலையைச் செய்திருக்கிறது.

அவள் பதிவுக் கருவியை எடுத்து மணலில் வைத்து, மூலப் பதிவை ஓடவிட்டாள். சுனைக்கரையில் ஜெனரேட்டர் பிளிறியது. நாவல் மரத்திலிருந்து பறவைகள் எழுந்து பறந்தன.

"இதெல்லாம் எவன் வேணும்னாலும் செய்யலாம்" என்றாள் சொர்ணம். மற்றவர்களும் தலையாட்டினார்கள். அந்தக் காலத்தில் டேப்பைக் காட்டி யாரையும் நம்பவைக்க முடியாது. அது அமலோற்பவத்துக்கும் தெரியும். அவள் அதை ஊருக்காகப் போடவில்லை.

பால்வண்ணம் மண்டியிட்டு, கருவியருகே காதைக் கொண்டுபோனார். இரைச்சலுக்கு அடியிலிருந்து அவர் குரல் அவரிடம் வந்தது. எங்க ஜனம் என்னத்தைக் குடிக்கும். மாட்டேன்யா.

"இன்னொரு தடவை போடுங்க" என்றார்.

போட்டாள்.

"பக்கத்துல இருந்த மெம்பர், அந்தக் கூட்டுறவு சங்கத்துக்காரர், அந்தச் சமயம் என் தோளைப் பிடிச்சு உக்கார வச்சாரு" என்று தனக்குள்ளே சொல்லிக்கொண்டார். "ஆமா. சட்டை கிழிஞ்சுது. தையல் போட்டேனே." தோள்பட்டையைத் தடவிப் பார்த்தார். சாயம் போன அந்தச் சட்டையில் புது நூல் தெரிந்தது. அவர் எழுந்து நின்றார். கொஞ்சம் உயரமாகிவிட்டவர் மாதிரி இருந்தது.

"ராஜினாமா கிடையாது" என்றார் உரக்க. "நான் மாட்டேன்னுதான் சொன்னேன். என்னையும் நம்ப வேண்டாம், இவியளையும் நம்ப வேண்டாம், பெட்டியையும் கேக்க வேண்டாம். இறுதி ஓட்டு வெள்ளிக்கிழமை. பார்வையாளர் பெஞ்சு வருசக்கணக்காக் காலியாக் கிடக்கு. வந்து உக்காந்து உங்க காதால கேளுங்க. அன்னைக்கும் நான் சம்மதம்னு சொன்னா இந்தச் சுனையில வச்சே என்னை முக்குங்க."

"முக்குவோம்" என்றாள் சொர்ணம். ஆனால் அவள் உட்கார்ந்தே இருந்தாள், எழுந்து போகவில்லை.

வெள்ளிக்கிழமை மண்டபத்தில் நிற்க இடமில்லை. சொர்ணம் முதல் பெஞ்சில், சுனைத் தண்ணீரைப் பெரிய பாட்டிலில் நிரப்பி மடியில் வைத்துக்கொண்டு, உறுப்பினர்களை ஒவ்வொருவராக முறைத்துக்கொண்டிருந்தாள். கரண்டு போகவில்லை. தலைவர் ஆறாம் வார்டைக் கூப்பிட்டபோது விசிறிச் சத்தம்கூடத் துல்லியமாகக் கேட்டது.

"மாட்டேன்" என்றார் பால்வண்ணம்.

அதற்குப் பிறகு பேச வேண்டியவர்கள் சொர்ணத்தையும் பாட்டிலையும் பார்த்தார்கள். ஏழாம் வார்டுக்குத் திடீரென்று தொண்டை கட்டியது. எட்டாம் வார்டும் அடுத்தடுத்த வார்டுகளும் மாட்டேன் என்றன. தீர்மானம் விழுந்தது. அமலோற்பவம் அன்றைக்குக் கண்ணை மூடவில்லை. இடத்தை விட்டு எழுந்திருக்கவும் இல்லை.

சாயங்காலம் வழக்கம்போல் தெருவில் நடந்தாள். சொர்ணத்தின் வீட்டில் அவள் வீட்டுக்காரர், உறுப்பினர் பால்வண்ணம் எதிர்த்து வாக்களித்ததைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"நானே கேட்டுட்டுத்தான் வாரேன்" என்று சொர்ணம் உள்ளேயிருந்து பெட்டிக்குப் பதில் சொன்னாள். "நீங்க வேற சொல்லணுமாக்கும்? தண்ணித்தொட்டி விசயத்தைச் சொல்லுங்க."

கொஞ்ச நாள் கழித்து, அமலோற்பவத்துக்கு ஒரு ஆசை வந்தது. தப்பான ஆசை ஒன்றும் இல்லை. தன் குரல் ஒரு பெட்டியிலிருந்து வருவதை, ஒரே ஒரு தடவை, காதால் கேட்டுவிட வேண்டும். செய்தி நேரத்துக்குச் சற்று முன்னால், தேவையே இல்லாத ஒரு காகிதத்தை நகல் எடுக்க எடுத்துக்கொண்டு ஜெராக்ஸ் கடைக்குப் போனாள். கடையில் நல்ல கூட்டம் இருந்து, அப்போதுதான் கலைந்திருந்தது. பால்வண்ணம் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். டீ வாங்கிவந்தார். அலமாரியில், காகிதக் கட்டுகளுக்கு நடுவில் பெட்டி இருந்தது. வெளியே தேரி சிவந்துகொண்டிருந்தது.

செய்தி ஆரம்பித்தது. "பேரூராட்சி எல்லைக்குள் நாளை முதல்" என்று பெட்டி சொன்னது.

அவள் குரல் இல்லை. பால்வண்ணத்தின் குரல்.

பால்வண்ணம் தவித்துப்போனார். "மேடம், தப்பா எடுத்துக்கிடாதிய. சுனைக்கரையில டேப்பு கேட்டேன் பாருங்க, அதுக்கப்புறம் ஒரு நாள் திடீர்னு இப்படி மாறிட்டு. என் குரலை நானே கேட்டுக்கிட்டு இருக்கேன், கிறுக்குப் பிடிச்ச மாதிரி இருக்கு. மீரான் பாய்ட்டக் காட்டிச் சரி பண்ணிருதேன்."

ஊரில் ஒரே ஒரு பெட்டியில் இருந்தாள், அதிலிருந்தும் போய்விட்டாள். அமலோற்பவம் டீயைக் கையில் வைத்துக்கொண்டு, தான் எழுதிய வாக்கியங்கள் அவர் குரலில் அந்தச் சின்னக் கடையை நிரப்புவதைக் கேட்டாள். அவர் மூச்சு நிதானமாகத்தான் வந்துகொண்டிருந்தது.

"வேண்டாம் அண்ணாச்சி" என்றாள். "பெட்டி நல்லாத்தான் இருக்கு."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். என்ன தெரிந்ததோ, எழுந்துபோய்ப் பெட்டியை அணைத்தார். எதிர் நாற்காலியில் வந்து உட்கார்ந்தார்.

"நீங்கதான் நேர்லயே இருக்கியளே. மீதியை நீங்களே சொல்லுங்க."

அமலோற்பவம் சிரித்தாள். பிறகு தொண்டையைச் சரிசெய்துகொண்டு, முதுகை நிமிர்த்தி, ஒலிவாங்கி இல்லாமல், ஒரு ஜெராக்ஸ் கடையில், ஒரே ஒருவருக்குச் செய்தி சொன்னாள். "பேரூராட்சி எல்லைக்குள் நாளை முதல் குடிநீர் ஒரு நாள் விட்டு ஒரு நாள் விநியோகிக்கப்படும். சந்தைத் தெருவில் குழாய் பதிக்கும் பணி—"

"அது சந்தைத் தெரு இல்ல மேடம்" என்றார் பால்வண்ணம். "அதுக்குப் பின்னால உள்ள சந்து. நான் காலையில பாத்தேன்லா. தப்பாச் சொல்லுதிய."

அந்த நிமிஷம் அவளுக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை, பிள்ளைகளே. பையைத் திறந்து பேனாவை எடுத்தாள்.

"நிதானமாச் சொல்லுங்க அண்ணாச்சி" என்றாள். "எந்தச் சந்து?"